அஞ்சு பொட்டுச் சுவர்

விடியுமுன்பே இரண்டு வாஷ்பேசின்கள் தோளில் ஏறி ஏழாவது மாடிக்கு வந்துவிட்டன. லிஃப்ட் இன்னும் வரவில்லை. அதற்கான குழி மட்டும் வந்திருந்தது.

"மாப்ளே, இதைத் தூக்குறதுக்கு என் தங்கச்சியையே தூக்கிடலாம்" என்று மூச்சு வாங்கினான் டைல்ஸ்காரன்.

"தூக்கிப் பாருங்கண்ணே, அப்பத் தெரியும்!" குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. தங்கை குத்துக்காலிட்டு, டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளை சிமெண்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். குழாய்க்காரனின் மனைவி.

குழாய்க்காரன் மட்டம் பார்த்துப் பென்சிலால் குறித்து, ட்ரில்லை வைத்தான். டைல்ஸ் கிறீச்சிட்டது. தூள் பறந்து பல்லில் நறநறத்தது. திடீரென்று ட்ரில் தடையில்லாமல் உள்ளே போயிற்று. கையை எடுத்துவிட்டு விரல் முட்டியால் தட்டினான்.

டொக்.

நிறைந்த சுவர் 'டக்' என்னும். இது உள்ளே காலி. நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து பொட்டுக் கலவை வைத்து ஒட்டிய டைல்ஸ். ஒட்டியவன் மச்சான், அந்த டைல்ஸ்காரன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நாளைக்கு ஒரு குளியலறை என்பது முதலாளியின் கணக்கு. பூசி நிரப்பினால் இரண்டு நாள் ஆகும்.

குழாய்க்காரன் மச்சானின் முதுகை ஒருமுறை பார்த்தான். ஓட்டையில் பிளாஸ்டிக் பிளக்கோடு, பிடிப்புக்காக மூன்று தீக்குச்சிகளையும் சொருகி, போல்ட்டை முறுக்கி, வாஷ்பேசினை மாட்டினான்.

மத்தியானம் மரத்துப்போன காலோடு அவள் எழுந்தாள். பிடிமானத்துக்கு வாஷ்பேசினின் விளிம்பில் கை வைத்தாள். டைல்ஸோடு பெயர்ந்து வந்தது. உடைந்த பீங்கான் வலது மணிக்கட்டைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர்.

"காலின்னு தெரிஞ்சேதான் மாட்டினேன்" என்றான் குழாய்க்காரன், கட்டிலைப் பார்க்காமல்.

"தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். எனக்கும் கேட்டுச்சு. நானும் வாயைத் திறக்கலை." விரல்களையே பார்த்திருந்தாள். "அங்க இன்னும் எத்தனை சுவர் அப்படி இருக்கு?"

மறுநாள் காலை முதலாளி ஏழாவது மாடிக்குப் படியேறி வந்தார்.

"சுவர் ஒருத்தன் வேலை, வாஷ்பேசின் ஒருத்தன் வேலை. தப்பு யாருது? ஒருத்தன் வீட்டுக்குப் போகணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சொல் போதும், ஒருவன் தப்பித்துவிடலாம்.

"அஞ்சு பொட்டு வெச்சது நான்" என்றான் டைல்ஸ்காரன். "ஒரு நாளைக்கு ஒண்ணு முடிச்சாகணும்னு நீங்க நின்னீங்க."

"சீக்கிரம் ஒட்டுன்னுதான் சொன்னேன். காலியா ஒட்டச் சொன்னேனா?"

"மறைச்சு மாட்டினது நான் சார்" என்றான் குழாய்க்காரன்.

"அப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க. அவளை யாரு அதைப் பிடிச்சு எழுந்திருக்கச் சொன்னது? மூஞ்சி கழுவுற தொட்டியா, ஊன்றுகோலா?"

"குடிவர்ற வீட்டுல குழந்தை பிடிச்சுத் தொங்கும் சார்" என்றான் வாசலில் நின்ற பெயிண்டர். "அதுக்கு என்ன சொல்வீங்க?"

டைல்ஸ்காரன் மாப்பிள்ளையின் காதிலிருந்த பென்சிலை எடுத்தான். அடுத்த குளியலறைச் சுவரைத் தட்டினான். டொக். பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"இதைப் பெயர்த்துப் பூசணும். அதுவரைக்கும் இதுல தொட்டி ஏறாது."

பெயிண்டர் எதிர்ப்பக்கம் போய்த் தட்டினான். கீழ் மாடியில் தச்சர் தட்டினார். அதற்கும் கீழே வயரிங் ஆட்கள். மாடி மாடியாக டொக், டொக் என்று கட்டடமே இருமியது.

"நாளைக்கே வேற ஆளு வருவான்!" என்று கத்திக்கொண்டே இறங்கினார் முதலாளி.

மறுநாள் விடியலில் கேட் பூட்டியிருந்தது. எல்லோரும் வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரைப் பூச வேண்டும், அவள் வைத்தியத்தை முதலாளி ஏற்க வேண்டும், இருவரும் வேலையில் இருக்க வேண்டும். இதைத் தவிர அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அவளும் வந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கணவனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

கருவிப் பையோடு ஒரு புதுக் குழாய்க்காரர் வந்தார். கேட் அவருக்காகப் பாதி திறந்தது.

"என்னம்மா ஆச்சு?"

அவள் கையை நீட்டினாள். "தட்டிப் பார்க்காம மாட்டிடாதீங்கண்ணே."

அவர் மடங்காத அந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். திறந்த கேட்டையும் பார்த்தார். பையைத் தரையில் இறக்கினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்றார்.