தங்கையின் கிணற்று முறை

"தண்ணியை ஊத்துடி ஷேவந்தா, எண்ணெய் கண்ணுக்குள்ள இறங்குது!"

தங்கை வீட்டு மணைப்பலகையில் உட்கார்ந்தபடி உத்தவ் அதட்டினான். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். அதன்மேல் மஞ்சள் நலங்கு மாவு. தீபாவளியை ஒட்டி வரும் பாவுபீஜ் பண்டிகை அன்று அண்ணன் தங்கை கையால் குளிக்க வேண்டும். ஆரத்தி பெற்று, அவளுக்குப் புடவை கொடுக்க வேண்டும். கூடப்பிறந்தவன் இல்லாதவள் மட்டும் அன்று சாயங்காலம் வாசலில் நின்று பிறைக்கு ஆரத்தி எடுப்பாள்.

ஷேவந்தா கையைத் துடைத்துக்கொண்டு செப்புக் குடத்தைச் சாய்த்தாள். ஒரு சொம்புகூட நிறையவில்லை.

"இவ்வளவுதாண்ணா இருக்கு. மீதியை உன் போர்லேருந்து கொண்டுவரச் சொல்லு."

புடவையை மடியில் வைத்திருந்த அண்ணி சுரேகா சிரித்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா என்ன விளையாட்டு இது?"

விளையாட்டா? பிறந்த வீட்டில் பங்கு கேட்ட பெண்ணுக்கு அப்புறம் பிறந்த வீடே கிடையாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஷேவந்தா கேட்கவில்லை. அப்பா போனதும் தாலுகா ஆபீசுக்குப் போய், நிலம் முழுவதும் அண்ணனுக்கே என்று கையெழுத்துப் போட்டாள். அதற்கு ஒரு புடவை கிடைத்தது. கூடவே ஒரு வாக்கும் கிடைத்தது: "நிலம் என் பேர்ல இருக்கட்டும். கிணறு நம்ம ரெண்டு பேருக்கும். வாரத்துல ரெண்டு நாள் உன் முறை. அப்பா மேல சத்தியம்."

அந்த முறைத் தண்ணீரில்தான் வரப்புக்கு இந்தப் பக்கம் தன் சொந்த நிலத்தில் அவள் கணவன் வைத்த சாத்துக்குடி மரங்கள் காய்த்தன. அவன் செத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டவை அந்த மரங்கள்தான்.

உத்தவ் நிலம் முழுக்கக் கரும்பு போட்டான். கிணற்று மேட்டை ஒட்டியே ஆழ்துளைப் போர் போட்டான். கிணறு வற்றியது. "மழை ஏமாத்திடுச்சு, நாம என்ன செய்ய?" என்றான். நம்பினாள், பாவம். கிணற்றடியில் தேங்காய் உடைத்து மழையைக் கும்பிட்டாள். பாதி மரம் பட்டுப்போனது.

போன வாரம் டிரான்ஸ்பார்மர் எரிந்து ஊரில் மின்சாரம் இல்லை. ஒரு நாள் காலையில் எட்டிப் பார்த்தால், கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்! தொலைந்த பிள்ளையைக் கண்டவள்போல அழுதாள். மின்சாரம் வந்தது. கரும்புக்கு மோட்டார் ஓடியது. பொழுது சாய்வதற்குள் கிணற்றில் மறுபடி வெறும் சேறு. ஏமாற்றியது வானம் இல்லை.

"கரண்ட் இல்லாதப்ப என் கிணறு ஊறுச்சுண்ணா. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

நலங்கு மாவுக்குள் உத்தவின் முகம் இறுகியது. "நான் உறிஞ்சலைன்னா பக்கத்துக்காரன் உறிஞ்சிடுவான். கரும்பு காய்ஞ்சா ஆலைக்காரனுக்கு நீ பதில் சொல்லுவியா? உனக்குத்தான் லாரித் தண்ணி வருதே!"

"அது குடிக்க. மரத்துக்கு? உன் சர்க்கரை கப்பலேறிப் போகுதாமே, அதுல என் முறைத் தண்ணியும் சேர்ந்து போகுதுன்னு திங்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"சரி, அந்தக் கிணறு இப்ப யார் பேர்ல இருக்கு? சொல்லு பார்ப்போம்."

கோபமாகக்கூட அவன் கேட்கவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோலக் கேட்டான். அதுதான் அவளை அறுத்தது.

"எழுந்திருண்ணா. உன் வீட்டுலயே போய்க் குளிச்சுக்கோ."

அண்ணி நீட்டிய புடவையை அவள் தொடவில்லை. "போன தடவை புடவைக்குக் கிணத்தைக் குடுத்தேன் அண்ணி. இனிமே குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல."

எண்ணெய் வழியும் தலையோடு, மஞ்சள் உடம்போடு, கண்ணை இடுக்கிக்கொண்டு உத்தவ் தெருவில் நடந்தான். லாரிக்காகக் குடங்களை வரிசை போட்டிருந்த பெண்கள் விடுவார்களா? "என்ன மாப்பிள்ளை, நலங்கு வச்சாச்சா? இந்த வயசுல ரெண்டாங் கல்யாணமா?"

ஷேவந்தா அந்தச் சொம்புத் தண்ணீரை எடுத்துப்போய், இன்னும் பச்சை மிச்சமிருந்த ஒரு மரத்தடியில் ஊற்றினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது.

சாயங்காலம் கரும்புக்கு மேலே மெல்லிய பிறை தெரிந்தது. அவள் தட்டில் விளக்கேற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுக்காரி பதறிவிட்டாள்.

"அடியே, என்ன பண்றே? உனக்குத்தான் மலையாட்டம் அண்ணன் இருக்கானே!"

கரும்புக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஷேவந்தா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை உயர்த்தி, நிதானமாக, ஊர் பார்க்க, பிறைக்கு ஆரத்தி எடுத்தாள்.