அடிச்சாம்பல்

காளீஸ்வரி கத்தரிக்கோலைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டு அடுத்த இலையை வெட்டினாள். மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளிலிருந்து வெள்ளரிக் கொடிகள் கயிற்றில் ஏறியிருந்தன. அடியிலைகள் எல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தன. ஒரு வாரமாக விடாமல் தூறிய ஐப்பசி மழை இன்றுதான் ஓய்ந்து, வெயில் எட்டிப்பார்த்தது. வெட்டியதையெல்லாம் சாக்கில் அள்ளிப் போட்டவள், ஓர் இலையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கொடிகள் அண்ணன் மாயக்கண்ணன் வைத்தவை. லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. புருஷனை இழந்து வந்த தங்கையோடு இந்தக் காரைக்குடி வீட்டில் இருந்தார். ஈரல் கெட்டுப்போய், மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். படியேற முடியாமல் போன நாளிலிருந்து அவருக்குக் கொடிகளைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணே, இங்குட்டுப் பாருங்க."

கட்டிலில் அவர் கண்ணைத் திறந்தார். "மோர் தெளிச்சியே, கேக்கலையா?"

"மோரு சாம்பல் நோய்க்கு. அதுன்னா இலை மேல மாவு தூவுன மாதிரி இருக்கும், தேச்சா விரல்ல ஒட்டும். இதுல ஒண்ணும் ஒட்டல."

"உரம் பத்தலையோ?"

"அப்படின்னா இலை முழுக்க வெளுக்கும். இது நரம்புக்கு நரம்பு பாத்தி கட்டுன மாதிரி மஞ்சளா நிக்கிது பாருங்க." இலையைத் திருப்பிப் பிடித்தாள். அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய பூஞ்சை படர்ந்திருந்தது. "அடிச்சாம்பல். ஈரத்துல வர்றது."

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுரு. ஒண்ணுல வந்தா ஒண்ணும் நிக்காது."

"பிடுங்க மாட்டேன். நுனியெல்லாம் நல்லா இருக்கு. காப்பர் மருந்து அடிச்சு, தண்ணிய வேர்ல மட்டும் ஊத்துனா பொழச்சுக்கும்."

மாயக்கண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தெம்பு மதுர டாக்டருக்கு இல்லையே, ஆத்தா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டு, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாளை அவரருகே உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வாளித் தண்ணீரில் மருந்துத் தூளைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து ஒச்சம்மாளின் குரல் வந்தது. அதில் சொல் எதுவும் இல்லை.

மத்தியானத்துக்குள் தம்பி முத்துக்கண்ணன் சிவகங்கையிலிருந்து வந்துவிட்டான். பொழுது சாயும் முன்னே எடுத்துவிட்டார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள், காளீஸ்வரியும் நின்றாள்.

மறுநாள் காலையில் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். நேற்றுக் கரைத்தது இனி உதவாது. காளீஸ்வரி அதைக் கீழே கொண்டுபோய் ஓரமாக மண்ணில் ஊற்றிவிட்டு, மாடியில் புதிதாகக் கரைத்து, ஒவ்வோர் இலையையும் புரட்டி அடிப்பக்கம் நனைய அடித்தாள்.

ஒச்சம்மாள் படியில் நின்று பார்த்தாள். "இன்னைக்கேவாத்தா? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"சொல்லட்டும்க்கா. இன்னைக்கு விட்டா மேல ஏறிரும்."

சாயங்காலம் மறுபடியும் மேகம் திரண்டது. முதல் துளிகள் விழுந்ததும் காளீஸ்வரி மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தகரக்கூரை உண்டு. கயிறுகளை அறுத்து, வாளிகளை ஒவ்வொன்றாக அதனடிக்கு இழுத்தாள்.

மொட்டையடித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முத்துக்கண்ணன் மேலே வந்தான். "நனையாதீகக்கா. கீழ வாங்க."

"மருந்து காஞ்சிருச்சு. இலைதான் நனையக் கூடாது."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, இருப்பதிலேயே பெரிய வாளியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவன் முன்னால் போக, நீண்ட கொடி தரையில் இழுபடாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, காளீஸ்வரி மழையில் அவன் பின்னால் நடந்தாள்.