படியில் விட்ட செருப்பு

செல்லக்கண்ணு மேஸ்திரிக்கு உலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். இஞ்சின் அடுப்புக்குள் இறங்குகிறவர் செருப்பைப் படியில் விட்டுப் போக வேண்டும். படியில் செருப்பு கிடந்தால் அடுப்புக் கதவை எவனும் தொடக்கூடாது. அவரிடம் வேலை பார்க்கும் ரூபாவும் அன்று காலை அப்படித்தான் விட்டுப் போனாள். ஆனால் அன்று ஆயுதபூஜை.

அந்த நீராவி ரயில் இஞ்சின் துறைமுகத்துச் சரக்கு. கப்பலடியிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கப்பலடி. ஆயுள் முழுக்க அதே தூரம்தான், பாவம், ஊர் பார்த்ததே இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை யாரோ ஏலத்தில் எடுத்து, மைசூரில் நஞ்சன்கூடு சாலைப் பக்கம் ஒரு தனியார் காட்சியகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடலே இல்லாத ஊரில் கப்பலடி இஞ்சின்! செல்லக்கண்ணுவும் ரூபாவும் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். பூஜை முடிந்ததும் மேனேஜர் மனோஜ்குமார் கையால் முதல் நெருப்பு வைப்பதாக ஏற்பாடு.

அடுப்பின் வாய் குறுகல். ரூபா ஒல்லி. ஆகவே உள்வேலை எல்லாம் அவள் தலையில்தான் விழும். விறகையும் டீசலில் நனைத்த கந்தலையும் உள்ளே அடுக்கி முடித்தாள். அடுப்பின் கூரையில் ஒரு பித்தளைத் திருகு உண்டு, நடுவில் ஈயம் வைத்தது. மேலே பாய்லரில் தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, மிச்சம் இருப்பது கீழே கொட்டி நெருப்பை அடக்கும். அந்தத் திருகின் ஓரத்தில் கசிவு தெரிந்தது. ஸ்பானரைப் போட்டு முக்கி முக்கி இறுக்கினாள். கசிவு நின்றது. சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொண்டபோது அடுப்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணா! நான் உள்ள இருக்கேன்!"

அந்த நேரம் பார்த்துத் தமட்டைப் பறை முழங்கத் தொடங்கியது. தசரா சமயத்தில் தமட்டைக்காரர்கள் சும்மா தட்டுவார்களா? ஸ்பானரால் இரும்பை அடித்துப் பார்த்தாள். அது அவள் காதைத்தான் துளைத்தது. புடவை மாற்றப் போயிருப்பாள் என்று வெளியே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கதவு எப்படியும் திறக்கும். அதுதான் அவளுக்குப் பயம். திறந்தால் முதலில் உள்ளே வருவது நீளக் கரண்டியில் எரியும் கற்பூரம். அவள் வாய் திறப்பதற்குள் கந்தல் பற்றிக்கொள்ளும். தள்ளி வைக்கலாம் என்றால் இடமேது? அவள் சுடிதாரே டீசலில் ஊறியிருந்தது. தன் சிதையைத் தானே அடுக்கி வைத்திருக்கிறோம் என்று தோன்றியதும் அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

பூசணிக்காய் உடைபட்டது. மணி அடித்தது. ரூபா நிமிர்ந்து அந்தத் திருகைப் பார்த்தாள்.

ஸ்பானரை மாட்டி இழுத்தாள். அசையவில்லை. சற்றுமுன் மெச்சிய கையை இப்போது வாய்க்கு வந்தபடி திட்டினாள். விறகின் மேல் மல்லாந்து, சுவரில் காலை உதைத்து, உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டாள். திருகு இளகியது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் கையோடு வந்துவிட்டது.

பாய்லர் தண்ணீர் அவள் முகத்தில் கொட்டியது. மூச்சு முட்டியது. விறகு நனைந்தது, கந்தல் நனைந்தது, அவளும் நனைந்தாள். கொட்டட்டும், கொட்டட்டும் என்று கிடந்தாள்.

சக்கரத்தடியில் தண்ணீர் ஓடியதைக் கண்டு தமட்டை நின்றது. "போச்சு, போச்சு!" என்று கத்திக்கொண்டே செல்லக்கண்ணு கதவைத் திறந்தார். உள்ளிருந்து ஈரக்கை ஒன்று நீண்டது.

"அண்ணா, முதல்ல அந்த நெருப்பை அந்தாண்டை கொண்டுபோகச் சொல்லுங்க."

அவளை வெளியே இழுத்துப் போட்டதும் மேஸ்திரி படியைக் காட்டினார். "படியில செருப்பு இல்லீங்களே அம்மிணி. பாத்துட்டுத்தானே சாத்துனேன்."

கரண்டியோடு தள்ளிப்போய் நின்ற மனோஜ்குமார் குறுக்கிட்டார். "நான்தான் எடுத்துப் போட்டேன். பூஜை பண்ற இடத்துல செருப்பு இருக்கக்கூடாதுன்னு..."

செல்லக்கண்ணு நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். ஊரார் செருப்புக் குவியலைக் கிளறி, குதி தேய்ந்த ரூபாவின் செருப்பை எடுத்து வந்தார். இஞ்சின் நெற்றியில் சாமந்தி மாலை தொங்கிய கொக்கியிலேயே அதை மாட்டினார். கூட்டம் பதறியது.

"சாமி," என்று செல்லக்கண்ணு பூசாரியைக் கூப்பிட்டார். "கற்பூரத்தை இதுக்கும் ஒருக்கா காட்டுங்க."