பிரேக் பிடிக்காத பீட்டில்

முன்பக்க இடது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றியதுமே ஹபீபுல்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே ஒரு குறையும் இல்லை. பிரேக் ஷூவில் லைனிங் புதிது. வீல் சிலிண்டரில் சொட்டுக் கசிவு கிடையாது. வலது பக்கத்தையும் திறந்து பார்த்தார். அதுவும் அப்படியே. இருபத்தாறு வருடமாக ராயபுரத்தில் பழைய கார்களுக்கு பிரேக் வேலை பார்க்கிறவர் அவர். டிரம்மை எடுத்துவிட்டு ஆசைக்காக டிஸ்க் பிரேக் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். வண்டியைக் கொண்டுவந்த இந்த ஆள் முகத்தில் ஆசை எதுவும் தெரியவில்லை.

கிருஷ்ணப்பன் காலடிப்பேட்டைக்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எழுபத்திரண்டாம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில். என்ஜின் பின்னால், ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே சூடு தணியும். அவர் ஷெட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்லியே சார்."

"உனக்கு முன்னாடி பார்த்த மூணு மெக்கானிக்கும் இதையேதான் சொன்னானுங்க. ஓட்றவன் நான் சொல்றேன், புடிக்கல. நீ டிஸ்க்க மாட்டு பாய்."

பெட்டியிலிருந்து எடுத்த புது டிஸ்க்குகளில் கிருஷ்ணப்பன் ஆணியால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்தார். நான் பழசை மாட்டி ஏமாற்றிவிடுவேன் என்று நினைக்கிறார். ஹபீபுல்லா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

மதியத்துக்கு மேல் கிருஷ்ணப்பன் மெதுவாக ஆரம்பித்தார். "பில்லுல ஒண்ணு எழுதிக் குடுத்துரு. பழைய பிரேக்கு வேலை செய்யல, அதான் மாத்தினேன்னு."

"யாருக்கு சார் காட்டணும்?"

"அது உனக்கெதுக்கு?"

அவர் போன பிறகு ஹபீபுல்லா வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். இடது மட்கார்டில் பெயின்ட் புதிதாக இருந்தது. தட்டினால், ஒடுங்கின இடத்தில் பட்டி பூசி மறைத்த சத்தம். யாரையோ இடித்திருக்கிறார், பழியை பிரேக் மேல் போடப் பார்க்கிறார், அதற்கு என் கையெழுத்து வேண்டும். ஹபீபுல்லாவுக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருந்தது. காலடிப்பேட்டையை ஒட்டித் திருவொற்றியூரில் ஆட்டோ ஓட்டும் யாசினுக்கு போன் போட்டார்.

"உங்க பக்கம் ஒரு பழைய காரு யாரையாச்சும் இடிச்சிட்டுப் போச்சா, விசாரிச்சு சொல்லு மாமு."

மறுநாள் காலையில், கிருஷ்ணப்பன் வருவதற்கு முன், ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெயர் சினேகா, அவருடைய மருமகள்.

"உண்மைய சொல்லுங்க பாய். பிரேக்குல கோளாறு கீதா?"

ஹபீபுல்லா சுற்றி வளைக்கவில்லை. "உங்க மாமா யாரையாச்சும் இடிச்சிட்டாராம்மா?"

"எங்க வூட்டு இரும்பு கேட்டத்தான் இடிச்சாரு. ரெண்டு தபா. குடிச்சிட்டு ஓட்றாருன்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு. நானும் கிட்ட போயி பார்த்துட்டேன், வாசனை இல்ல. வண்டிய எடுக்காதீங்கன்னா பிரேக்கு சரியில்லன்னு தெனமும் சண்டை."

அப்படியானால் அந்தப் பில் மகனிடம் காட்டத்தான். ஹபீபுல்லாவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும், ஒழுங்கான பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி இரண்டு முறை கேட்டில் போய் இடிப்பார்?

டிஸ்க், காலிப்பர், புது மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் மாட்டி, குழாய்களில் இருந்த காற்றை எடுத்து முடிக்கப் பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. முதலில் ஹபீபுல்லா ஓட்டிப் பார்த்தார். கால் வைத்தவுடன் கச்சிதமாக நின்றது. பிறகு கிருஷ்ணப்பனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டியதும் முன்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. கிருஷ்ணப்பன் அதைப் பார்த்தார். பல்லைக் கடித்து மிதிக்கவும் செய்தார். வண்டி வேகம் குறையவே இல்லை. ஹபீபுல்லா ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து முழுதாக இழுத்தார். பின்சக்கரம் கிறீச்சிட்டு, டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. என்ஜின் அணைந்துபோனது.

"பார்த்தியா?" கிருஷ்ணப்பன் அவர் பக்கம் திரும்பினார். "இதுவும் புடிக்கல. எனக்கு எதையோ மாட்டி ஏமாத்திட்ட."

ஹபீபுல்லா குனிந்து கீழே பார்த்தார். கிருஷ்ணப்பனுடைய வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே வெறும் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. செருப்பு சீட்டுக்கு அடியில் கழன்று கிடந்தது. பெருவிரல் ஓரத்தில் பெடல் கிழித்து ரத்தம்.

"செருப்பு எங்க சார்?"

"கால்லதான் கீது."

"குனிஞ்சு பாருங்க."

கிருஷ்ணப்பன் குனிந்து பார்த்தார்.

"சக்கரை கீதா சார்?"

"பன்னெண்டு வருசமா. காலு ரெண்டும் எரியும். போன வருசத்துலேர்ந்து எரிச்சல் நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

ஹபீபுல்லா காயத்துக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினார். "தெரியுதா?"

"எது?"

அன்று வண்டியை ஹபீபுல்லாவே ஓட்டிக் காலடிப்பேட்டையில் கொண்டுபோய் விட்டார். பாதத்தில் நரம்பு மரத்துவிட்டது, காயம் ஆறிவிடும், ஆனால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மறுநாள் சினேகா போனில் சொன்னாள். புது பிரேக் போட்ட வண்டியை அவளே பழகிக்கொள்ளப் போகிறாளாம்.

நாலு நாள் கழித்து மறுபடி அழைத்தாள். "மாமா யாரையோ இடிச்சிட்டு மறைச்சிட்டாருன்னு ஏரியா பூரா பேசிக்கினு கீறாங்க பாய். அவரு வெளியவே வரமாட்றாரு. எவன் கெளப்பி வுட்டான்னு தெரியல."

ஹபீபுல்லாவுக்குத் தெரிந்தது. யாசின் மூன்று ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்திருக்கிறான். அந்தப் பக்கம் பழைய கார் என்றால் கிருஷ்ணப்பனுடைய பீட்டில்தான்; விசாரித்ததே சேதியாகிவிட்டது.

அன்று மாலையே ஷெட்டை மூடிவிட்டுக் காலடிப்பேட்டைக்குப் போனார். கிருஷ்ணப்பன் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஹபீபுல்லா நின்றபடியே சொன்னார். "அந்தப் பேச்சு என்னாலதான் சார் வந்துச்சு. உங்க மேல சந்தேகப்பட்டு நான்தான் ஆள் வச்சு மூணு ஆட்டோ ஸ்டாண்டுல விசாரிச்சேன்."

 "நானும் உன்னை நம்பல பாய்," என்றார் கிருஷ்ணப்பன். "ஆனா நான் எவன்கிட்டயும் போயி சொல்லல."

"தப்புதான் சார்."

"அந்த மூணு ஸ்டாண்டுக்கும் நீயே போயி சொல்லிட்டு வா."

ஹபீபுல்லா போனார். முதல் இரண்டு இடத்தில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஸ்டாண்டில் குமாரவேல் என்ற வயதான டிரைவர் முழுதும் கேட்டுவிட்டு, "யாரையும் இடிக்கலன்னா நல்ல பிரேக்க எதுக்கு பாய் மாத்தினாரு?" என்றார்.

ஹபீபுல்லா ஒரு டீ வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.