கணுக்காலுக்குக் கீழே

பழைய கார் வாங்கக் கிளம்பிய தையல்காரர், சட்டைப்பையில் இஞ்ச் டேப்பையும் அளவு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். கூட வந்த மைத்துனனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரொட்டி வேன் ஓட்டுகிறவன் அவன். வாய் ஓயாமல் பேசுவதால் குடும்பத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"மாமா, கார் வாங்கப் போறோமா, காருக்குச் சட்டை தைக்கப் போறோமா?"

தையல்காரர் டேப்பை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார். கண்ணை நம்பித் துணியை வெட்டக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். இந்தக் காரிய‌மோ துணியைவிடப் பெரிது.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகர். ஒன்பது மாதங்களுக்கு முன் முழங்காலில் கிருமி தொற்றியது. மூன்று அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மருத்துவர்கள் அந்த மூட்டை மடங்காதபடி இணைத்துவிட்டார்கள். வலி போனது; கூடவே மடக்கமும் போனது. இனி அந்தக் கால் எப்போதும் நீட்டியபடிதான். பேருந்துப் படி ஏற முடியாது. தினமும் வாடகை வண்டி என்றால் வாங்கும் சம்பளம் வண்டிக்கே சரியாகிவிடும். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாள் வரைக்கும் உங்கள் இடத்தைப் பிடித்து வைக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். பள்ளி திறக்க இன்னும் பதினோரு நாள் இருந்தது.

காரைப் பற்றி மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. மருத்துவமனையிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பின் சீட்டில் குறுக்காகப் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் வண்டியின் கூரையைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

"துணிக்கட்டு மாதிரி ஏத்திட்டு வந்தீங்க. போகட்டும். வேலைக்குப் போறப்ப முன் சீட்டுல, ரோட்டைப் பார்த்துக்கிட்டுப் போகணுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

வாசலிலிருந்து நூலகம் வரை நீண்ட நடைபாதை. அதற்கு மடக்கும் சக்கர நாற்காலி வேண்டும். சின்ன கார்களின் டிக்கியில் அது போகாது. ஜீப் மாதிரி உயரமான வண்டிகளில் அவளால் ஏற முடியாது. ஆகவே செடான், அதுவும் கைக்கு எட்டும் விலையில் பழையது.

பழைய வண்டிகள் விற்கும் அந்த இடம் ஊர் எல்லையில், ஒரு மரக்கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்தது. நடத்துகிறவர் ஐம்பது வயதுள்ள அம்மாள். எல்லா வண்டிகளின் சாவியும் அவர் இடுப்பில்தான். எந்தச் சாவி எந்த வண்டிக்கு என்று பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார்.

ரேடியோ விவரமானவன். முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்ப்பான். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு எதையோ மறைக்கிறார்கள் என்பான். கால் மிதியைத் தூக்கித் துரு பார்ப்பான். கிளட்ச் ரப்பர் தேய்ந்திருந்து, ஓடிய தூரம் குறைவாகக் காட்டினால், "மீட்டர் பொய் சொல்லும் மாமா, ரப்பர் பொய் சொல்லாது" என்பான். மூலையில் நின்ற ஒரு வெளிறிய மஞ்சள் காரைக் கண்டதும், வெந்நீரில் விழுந்த பூனை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமாவையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

அவன் எஞ்சினைப் பார்த்த நேரத்தில் தையல்காரர் ஒவ்வொரு முன் சீட்டையும் பின்னுக்குத் தள்ளி, முதுகு சாயும் இடத்திலிருந்து டாஷ்போர்டுக்கு அடியில் காலுக்கு எதிரே உள்ள தகடு வரைக்கும் டேப்பை நீட்டி நோட்டில் குறித்துக்கொண்டார். மனைவியின் அளவு, இடுப்பிலிருந்து முப்பத்தெட்டு அங்குலம். காலையில்தான் சுவரோரம் நிற்கவைத்து எடுத்தது. ஒரு சாம்பல் நிறக் காரில் நாற்பத்தொன்று வந்தது. மூன்று அங்குலம் மிச்சம். துணியில் அவ்வளவு விட்டால் தாராளம். எஞ்சினும் நன்றாக இருந்தது. விலைதான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட. வீட்டில்கூடக் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டார். அம்மாள் எழுதித் தந்த ரசீதின் அடியில், முன்பணம் திருப்பித் தரப்படாது என்று அச்சடித்திருந்தது.

மறுநாள் அந்த அம்மாளே வண்டியை வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தார். தையல்காரர் கதவைத் திறந்து பிடிக்க, மனைவி பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி உள்ளே திருப்பினாள். குதிகால் உள்ளே போனது. ஆனால் நிமிர்ந்து நின்ற பாதம் டாஷ்போர்டின் கீழ் விளிம்பில் போய் இடித்துக்கொண்டது. சீட்டைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தார்கள். காலைச் சாய்த்தும் பார்த்தார்கள். ஒரு கை அகலம் இடம் போதவில்லை.

தையல்காரர் நோட்டைப் புரட்டினார். முப்பத்தெட்டு என்றுதான் எழுதியிருந்தது. கையெழுத்தும் அவருடையதுதான்.

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. "எங்கேருந்து எது வரைக்கும் அளந்தீங்க?"

"இடுப்புலேருந்து கணுக்கால் வரைக்கும். எப்பவும் அப்படித்தானே…" சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

முப்பது வருடமாக அவர் எத்தனையோ பேரை அளந்திருக்கிறார். ஒருவரைக்கூடக் கணுக்காலுக்குக் கீழே அளந்ததில்லை. தையல்காரனுக்கு உடம்பு அங்கே முடிந்துவிடுகிறது; அதற்குக் கீழே உள்ளது செருப்புக்காரர் பாடு. மனைவிக்கு ஒரு குதிகாலும் பாதமும் உண்டு என்பது அவர் நோட்டில் எங்குமே இல்லை.

ரேடியோ வாயைத் திறந்தான். அக்காளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தையல்காரர் தாங்கியிருப்பார். அவளோ தன் காலை மெல்ல வெளியே எடுத்து வைத்துவிட்டு, "பரவாயில்ல. வேலைக்கு வேற யாராவது வந்தா அவங்களும் புத்தகத்தை ஒழுங்காத்தான் பார்த்துப்பாங்க" என்றாள்.

தையல்காரர் தலைகுனிந்து ரசீதை எடுத்தார். முன்பணம் போனது போனதுதான், தப்பு என் பேரில் என்று தொடங்கினார். அந்த அம்மாள் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இந்த வண்டிக்குன்னு நான் பணம் வாங்கல, அண்ணே. உங்களுக்கு வண்டி தரேன்னு வாங்கினேன். இன்னும் தரலையே. அம்மாவைக் கூட்டிட்டு என் இடத்துக்கு வாங்க. ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்க்கட்டும்."

போக ஒரே வழிதான் இருந்தது. மனைவி சாம்பல் காரின் பின்பக்கம் வந்து நின்று, "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை துணிக்கட்டா வரேன்" என்றாள். அவளே சிரித்தாள். மற்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

ஐந்து கார்களில் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் பாதம் இடித்தது. ஒன்றில் கதவே குறுக்கே நின்றது. இன்னொன்றில் இடம் இருந்தது, விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு சாவியாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் சீட்டைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். ஐந்தாவது காரிலிருந்து இறங்கியதும் மனைவி கதவைப் பிடித்தபடி நின்று இளைப்பாறினாள்.

மூலையில் அந்த மஞ்சள் கார் மட்டும் மிச்சம். அதன் முன் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். மூன்று நாளாக வந்து பார்த்து, பேரம் பேசி, அன்று முழுப்பணத்தோடு வந்திருந்தார். அவருக்கு ஒரு குறைதான். முன்பு அந்த வண்டியை வைத்திருந்தவரின் தம்பி நெடுநெடுவென்று வளர்ந்தவராம். அவருக்காக முன் சீட்டு ஓடும் தண்டவாளத்தையே நான்கு விரல் பின்னால் தள்ளி முடுக்கியிருந்தார்கள். பின்னால் உட்காருகிறவருக்கு முழங்கால் இடிக்கும். அதைப் பழையபடி மாற்ற ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் இவர்களைப் பார்த்தார். டிக்கியிலிருந்து இறக்கியிருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். கீழே இறங்கி நின்றார்.

"உட்கார்ந்து பாருங்கம்மா. உட்கார்றதுக்குக் காசா பணமா."

மனைவி உட்கார்ந்தாள். காலைத் தூக்கித் திருப்பினாள். குதிகால் தரையில் படிந்தது. பாதம் நிமிர்ந்து நின்றது. அதற்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் ஒரு புத்தகம் நுழையும் இடம். அவள் முதுகைச் சாய்த்துக்கொண்டு எதிரே கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எதிரில் மரக்கடைச் சுவர்தான். ஆனாலும் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

அது ஏறக்குறைய விற்றுப்போன வண்டி என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்பது நியாயமும் இல்லை. தையல்காரர் மட்டும் மனதுக்குள், ஆண்டவனே, ஒருவர் பிழைப்பைப் பறித்து எனக்குத் தராதே, ஆனால் ஏதாவது ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டார். அப்படியும் ஒரு பிரார்த்தனை உண்டு. அது கேட்கப்படுகிறது என்பதே என் நம்பிக்கை.

வாடகைக் காரோட்டி வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். பெயிண்ட் உரிந்த இடத்தை விரலால் தேய்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு வண்டி வேணும். இவங்களுக்கு இந்த வண்டி வேணும். ரெண்டும் ஒண்ணில்லையே."

தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், உங்களுக்கு ஆயுசுக்கும் நான் சட்டை தைத்துத் தருகிறேன் என்றார். ஐந்து கார் பார்ப்பதற்குள் அளவு தவறிய கதை முழுவதும் அங்கே பரவியிருந்தது.

"வேணாம் சார். உங்க அளவுதான் எப்படின்னு பார்த்தேனே" என்றார் அவர், சிரிக்காமல்.

அவர் பேருந்தில்தான் திரும்பிப் போனார். அடுத்து எது வந்தாலும் முதல் போன் உங்களுக்குத்தான் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பினார். ஒரு வாரம் அந்தக் காரோட்டிக்கு வருமானம் இல்லாமல் போயிருக்கும். நல்லது செய்கிறவர்கள் பெரும்பாலும் அதன் விலையைச் சொல்வதில்லை. வாங்கிக்கொண்டவர்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரேடியோ மஞ்சள் காரின் அடியில் படுத்தும், தண்டவாளத்தின் போல்ட்டுகளைத் தட்டியும் பார்த்துவிட்டு வந்தான். ஏசி வேலை செய்யாது, ஒரு டயர் மாற்ற வேண்டும், எஞ்சின் மட்டும் தங்கம் என்றான். சாம்பல் காரைவிட விலை நிறையக் குறைவு. டயர் அந்த மிச்சத்திலேயே வந்துவிட்டது.

பள்ளி திறந்த காலையில் தையல்காரரே ஓட்டினார். மைத்துனனிடம் ஒரு வாரம் திட்டு வாங்கிப் பழகிய கை. மனைவி முன் சீட்டில். சிவப்பு விளக்கு, கடைப் பலகை, பைகளோடு நடந்துபோகும் பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் புதிதாய்ப் பார்ப்பவள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

பள்ளி வாசல் குறுகலானது. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் எல்லாம் நிற்க வேண்டும். தையல்காரர் இறங்கி ஓடிவந்து கை கொடுத்தார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"இருங்க. நானே இறங்கறேன். தினம் இறங்கணுமில்ல."

நேரம் ஆனது. காலைத் திருப்பி, கதவைப் பிடித்து, நிமிர முயன்று, மறுபடியும் உட்கார்ந்தாள். பின்னால் ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிட்டன. தையல்காரர் திரும்பி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கையைத் தூக்கினார்.

அடுத்து நின்ற காரில் இருந்தவர் எஞ்சினை அணைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அணைத்தார். அதற்குப் பின்னாலும் ஒவ்வொன்றாக அணைந்தன. தெரு அமைதியானது. அந்த அமைதியில் அவள் அவசரமே இல்லாமல் எழுந்து நின்றாள்.