சமையலறை வாசலில் நான்காவது மைக்

ஒலிக்கூடத்தில் அவனுக்குத் துடைப்பம் என்று பட்டப்பெயர். பேச்சோடு கலந்த இரைச்சலை அவனைப்போலக் கூட்டிப் பெருக்கித் தள்ள அங்கே ஆளில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் நான்கு மைக்குகளைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனான்.

அப்பா முப்பது வருடம் தண்ணீர் மோட்டார் பழுதுபார்த்தவர். கற்றதையெல்லாம் பாடமாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டுமென்று அவருக்கு ஆசை. மூன்று மைக்குகளை அவர் மேசையிலும் நான்காவதைச் சமையலறை வாசலிலும் வைத்தான். நான்காவது, இரைச்சலைப் பிடிக்க மட்டும். அதில் விழுவதையெல்லாம் கணினி மற்ற மூன்றிலிருந்தும் கழித்துவிடும். குக்கர், குழாய், மிக்ஸி எல்லாம் போன இடம் தெரியாது. துடைத்த பதிவு கைக்கு வந்ததும் நான்கு மைக்கின் மூலப் பதிவையும் அழித்துவிடுவான். இடத்தை அடைக்கிறதாம்!

போன மாதம் அம்மா காய் நறுக்கிக்கொண்டே சரிந்தாள். மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் அப்பா சரியாகப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் காலையில் அவனைக் கூப்பிட்டார்.

"போட்டோ நெறைய இருக்குடா. குரல்தான் ஒண்ணுகூட இல்ல. போனை நீட்டினாலே ஓடிடுவா. நீ நாப்பது மணி நேரம் பதிவு பண்ணியே, அதுல எங்கயாவது இருப்பாளே? வாய மூடிட்டு இருக்கற ஆளா அவ?"

"தேடிப் பாக்கறேன்ப்பா" என்றான். தேட என்ன இருக்கிறது? ஆனாலும் இரண்டு நாள் எல்லா வட்டுகளையும் குடைந்தான். கிடைத்தது வெட்டித் தொகுக்காத ஒரே ஒரு பாடம். அதிலும் இரைச்சலை எப்போதோ துடைத்திருந்தான்.

அதை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மா குரலை நான்தான்ப்பா அழிச்சேன். அவங்க பேசினதெல்லாம் அந்த நாலாவது மைக்குலதான் விழுந்துச்சு. இரைச்சல்னு கழிச்சுட்டேன்."

அப்பா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போடு, கேப்போம்" என்றார்.

அப்பாவின் குரல் கண்ணாடிபோல வந்தது. பேரிங் தேய்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். ஒரு வெற்றிடம். பிறகு, "உப்பு சரியாத்தான் இருக்கு." மறுபடி வெற்றிடம். "ஆமா, ஆமா, உன்ன கட்டினதுதான் என் அதிர்ஷ்டம்." அவரே சிரித்தார். மறுபடியும் வெற்றிடம், இந்த முறை நீளமாக. பிறகு, "கொஞ்சம் சும்மா இரேன்மா, பதிவு ஓடுதுல்ல."

அப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நீ மட்டுமா அழிச்ச? நானும்தான் வாய மூடச் சொல்லியிருக்கேன்."

பிறகு, "சிரிச்சதுக்கப்புறம் ஒரு இடம் வருதே, அத மட்டும் சத்தமா வையேன். அவ என்னமோ பெருசா சொன்னா. எனக்கு ஞாபகம் வரல" என்றார்.

அவன் அந்த ஒன்பது வினாடியை எடுத்து ஒலியை முழுக்க ஏற்றினான். அப்பா ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டார். ஒரு சின்ன உஸ் சத்தம்கூட இல்லை. அத்தனை சுத்தமான வேலை.

"இன்னொரு தடவை போடு" என்றார் அப்பா.