ஆகாது என்று எழுதிய சீட்டு

சிங்காநல்லூருக்கு அருகே இருந்த அந்த நூற்பாலையில் ஆண்டு விழாவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. 1958-ஆம் வருஷம். தொழிலாளர் நல அதிகாரி தாமஸ், கேண்டீன் கரும்பலகையில் ஒரு புதிரை எழுதிப் போட்டார். ஒவ்வொரு வருஷமும் கயிறு இழுப்பதும் பானை உடைப்பதும்தான் போட்டி. கை வலுவுள்ளவர்களே பரிசை வாங்கிப் போவார்கள். மூளைக்கும் ஒரு போட்டி இருக்கட்டுமே என்று நினைத்து, ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்த தீக்குச்சிப் புதிரைப் பலகைக்குக் கொண்டு வந்திருந்தார்.

பன்னிரண்டு குச்சிகளால் ஒரு படம். நாலு கண்ணாடி போட்ட ஜன்னலைப் போல மேலே இரண்டு கட்டம், கீழே இரண்டு கட்டம். அடியில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: "இரண்டு குச்சிகளை மட்டும் இடம் மாற்றி, இதே அளவில் மூன்று சதுரங்கள் அமைக்கவும். குச்சியை ஒடிக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று வைக்கக் கூடாது. மிச்சமும் இருக்கக் கூடாது. விடையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவும். பரிசு, சுவர்க் கடிகாரம்."

அன்று சாயங்காலத்துக்குள் மில்லுக்குப் புத்தி பேதலித்துப் போயிற்று. வாசலில் இருந்த பெட்டிக்கடையில் தீப்பெட்டி தீர்ந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் குத்தவைத்துக் குச்சி அடுக்கினார்கள். மெஷின் ஷாப் ஃபிட்டர் லட்சுமணசாமி எந்த மோட்டாரையும் சத்தம் கேட்டே பழுது சொல்லக்கூடியவர். அவரே தலையைச் சொறிந்தபடி சைக்கிளில் போனதைப் பலர் பார்த்தார்கள்.

ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை பெண்களுடையது. அங்கே இருதயம்மாளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தவள். அப்பா இறந்ததும் படிப்பு நின்றது. பதினாலு வயதில் மில்லுக்கு வந்துவிட்டாள். அவள் கணவன் ஞானமுத்து புளோரூமில் பஞ்சுப் பொதி உடைப்பவன். நாலு வருஷமாகக் கயிறு இழுப்பதில் ஜெயித்த அணியில் கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்பவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் இருதயம்மாள் தரையில் பன்னிரண்டு குச்சிகளை அடுக்கினாள். எல்லோரையும் போல அவளும் முதலில் அங்கே இங்கே மாற்றிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போயிற்று. அடுப்பில் சோறு குழைந்தது. பிறகு குச்சிகளைத் தொடாமல், கன்னத்தில் கை வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க," என்றாள் கடைசியில். "இது ஆவாதுங்க."

"உனக்கு வர்லீன்னா உட்டுப்போடு. ஃபிட்டருக்கே வர்லியாமா," என்றான் ஞானமுத்து.

"எனக்கு வர்லீன்னு சொல்லலீங்க. ஆருக்கும் வராது. ரெண்டு குச்சில இது ஆவாது."

அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "அதையா எழுதிப் போடப் போற? படிச்ச ஆபீசர் எழுதினதத் தப்புன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா புள்ள?"

"சிரிக்கட்டுங்க. பாத்ததத்தானே எழுத முடியும்."

திங்கட்கிழமை காலையில், ரீலிங்கில் பக்கத்து மெஷின் பொன்னாத்தாளிடம் பென்சில் வாங்கிச் சீட்டில் ஒரே வரி எழுதினாள்: "ரெண்டு குச்சியில் ஆகாது. ஏன் என்று காட்ட முடியும். இருதயம்மாள், ரீலிங்." பெட்டிக்குள் போட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை எல்லோருக்கும் முதலில் கவிழ்த்து வைத்தது நினைவுக்கு வந்தது.

விழா நாளன்று கேண்டீனில் நிற்க இடமில்லை. தாமஸ் நானூறு சீட்டுக்கு மேல் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தவறு. சிலர் மூன்று குச்சி மாற்றியிருந்தார்கள், சிலர் ஒரு குச்சியை வெளியே தள்ளியிருந்தார்கள், ஒருவர் ஒடித்தே விட்டார்.

"சரியான விடை ஒண்ணும் இல்லை," என்று தாமஸ் அறிவித்தார். "ஒரு அம்மா மட்டும் வேற மாதிரி எழுதியிருக்காங்க." சீட்டைப் படித்தார்.

கூட்டம் சிரித்தது. "முடியலீன்னு எழுதிக் குடுத்தா கடியாரம் கிடைக்குமுங்களா," என்றது ஒரு குரல். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. ஞானமுத்து குனிந்து காலடியைப் பார்த்தான்.

தாமஸ் சிரிக்கவில்லை. "காட்ட முடியும்னு எழுதியிருக்கீங்களேம்மா. வாங்க, காட்டுங்க," என்றார்.

தோரணத்துக்கு வாங்கிய மூங்கில் கொடிக்குச்சிகள் மூலையில் கிடந்தன. இருதயம்மாள் அதில் பன்னிரண்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தரையில் ஜன்னலைப் போல அடுக்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மூணு கட்டம் வேணுமுங்க. ஒரு கட்டத்துக்கு நாலு குச்சி. மூணு நாலு பன்னெண்டு. நம்மகிட்ட இருக்கறதும் பன்னெண்டு. அப்ப ஒரு குச்சி ஒரு கட்டத்துக்குத்தான் ஆவும். ரெண்டு கட்டத்துக்கு நடுவால நின்னு பங்கு போட முடியாது. சரிங்களா?"

சிலர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"இந்த நாலு கட்டத்துல எதையெல்லாம் அப்படியே உட்டு வெக்கலாம்? பக்கத்துப் பக்கத்துக் கட்டம்னா நடுக்குச்சி பங்காயிரும். அதனால எதிரெதிர் மூலைல இருக்கற ரெண்டத்தான் உட முடியும்." பந்தி மேசையிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து, மேலே இடது கட்டத்தில் ஒன்றும் கீழே வலது கட்டத்தில் ஒன்றும் வைத்தாள். "இதுக்கு எட்டுக் குச்சி போச்சுங்க. மீதி நாலு. மேல இந்த மூலைல ரெண்டு, கீழ அந்த மூலைல ரெண்டு. இந்த நாலும் சேந்துதான் மூணாவது கட்டம்."

லட்சுமணசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க அம்மணி, இந்த மூலை ரெண்டையும் அசைக்காம உட்டுட்டு, அந்த ரெண்ட இங்க கொண்டாந்தா ஆச்சுங்களே. ரெண்டுதானே நகருது?"

"கொண்டாந்து வெச்சுப் பாருங்க."

அவர் இரண்டு குச்சிகளை எடுத்துக்கொண்டு குனிந்தார். மேல் வலது மூலையில் கட்டத்தை மூட இன்னும் இரண்டு பக்கம் வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஏற்கெனவே குச்சி இருந்தது. அவை டம்ளர் வைத்த கட்டங்களுக்குச் சொந்தமானவை. குச்சிகளைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"சரி, வெளிப்பக்கமாக் கட்டினா?"

"வெளில கட்டுனா இந்த ரெண்டுல ஒண்ணுதான் அதுக்கு ஆவும். இன்னொண்ணு எப்படியும் எந்திரிக்கணும். ஒண்ணு நிக்கும், மூணு நகரும். ரெண்டு கட்டத்துக்குப் பதிலா ஒண்ண மட்டும் உட்டு வெச்சீங்கன்னா இன்னும் நெறைய நகரும். எப்படிப் பாத்தாலும் மூணுக்குக் கொறையாதுங்க."

லட்சுமணசாமி குச்சிகளை ஒவ்வொரு பக்கமாக வைத்துப் பார்த்தார். வெளியே, மேலே, பக்கவாட்டில். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தம்மா சொல்றது சரிதானுங்க. அஞ்சு நாளா நானும் பொழுதன்னைக்கும் உக்காந்து பாத்தேன். இப்படி யோசிக்கவே இல்லீங்க."

"மூணு குச்சின்னா இப்பவே வெக்கறேன்," என்றாள் இருதயம்மாள். மேல் வலது மூலையில் ஒரு குச்சியை நிற்க விட்டு, மற்ற மூன்றையும் எடுத்து அதன் வெளிப்பக்கத்தில் வைத்தாள். எந்தக் குச்சியையும் பங்கு போடாமல் மூன்று கட்டங்கள் தரையில் பளிச்சென்று நின்றன. பின்வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சின் மேல் ஏறிப் பார்த்தார்கள்.

தாமஸ் முகம் மாறியது. "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். மேஜை டிராயரில் பத்திரிகைத் துண்டு இருந்தது. அதை அவரைத் தவிர மில்லில் வேறு யாரும் பார்த்ததில்லை. அவர் திரும்பி வந்து, பத்திரிகையிலேயே அச்சுப் பிழை என்று சொல்லியிருந்தால் கேள்வி கேட்க ஆளில்லை.

திரும்பி வந்தவர் துண்டை லட்சுமணசாமி கையில் கொடுத்தார். "சத்தமாப் படிங்க."

"'மூன்று குச்சிகளை மட்டும் இடம் மாற்றி'ன்னு போட்டிருக்குதுங்க."

"பலகைல எழுதும்போது நான் ரெண்டுன்னு எழுதிட்டேன். என் தப்பு. அஞ்சு நாளா உங்க எல்லாரையும் அலைய விட்டதுக்கு மன்னிக்கணும்," என்றார் தாமஸ்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. "புதிரே தப்புன்னா போட்டி ரத்துங்களே," என்றார் ஒருவர்.

"எப்படிங்க ரத்தாவும்?" என்றார் லட்சுமணசாமி. "நானூறு பேர் எழுதினோம். தப்புன்னு ஒருத்தரு கண்டுபிடிச்சாங்க. ஆபீசரே தப்பா எழுதுவாருன்னு நமக்கெல்லாம் தோணுச்சுங்களா?"

கைதட்டல் பின்பக்கத்தில், ரீலிங் பெண்கள் நின்ற இடத்தில் தொடங்கியது. தாமஸ் கடிகாரத்தை நீட்டியபோது இருதயம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தும் தலையைக் குனியாமல் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அந்த மில்லில் அப்படி அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

ஞானமுத்து முன்னால் வந்திருந்தான். பக்கத்தில் நின்ற யாரோ, "ஆருங்க அந்தம்மா?" என்று கேட்டார்கள்.

"என்ற ஊட்டுக்காரி," என்றான் ஞானமுத்து. கேட்டவர் போதும் என்று திரும்பிய பிறகும், "நான் அப்பவே வேண்டான்னேன். கேக்கலீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் கயிறு இழுப்பதில் அவன் அணி தோற்றது. அவன் அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ராத்திரி ஷிப்ட் ஆளுகளும் பாக்கட்டும்மா," என்று தாமஸ் சாக்பீஸைக் கொடுத்தார். இருதயம்மாள் அவர் எழுதியதை அழித்துவிட்டு, ஜன்னலை வரைந்து, ஏன் ஆகாது என்பதைத் தன் கையெழுத்தில் ஏழு வரி எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. கடைசியில் பேர் போட்டாள்.

மறுநாள் காலையில் கேண்டீன்காரர் வரதராஜுலு, விழா முடிந்துவிட்டதால் பழையபடி அன்றைய பலகாரத்தைப் பலகையில் எழுத ஈரத்துணியோடு வந்தார். ஏழு வரியையும் படித்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையின் அடி ஓரத்தில், பொடி எழுத்தில், "இட்லி, உப்புமா" என்று எழுதிவிட்டுப் போனார்.